பறவைக்காரரின் டப்லெட்டில் என் முகம்

ஆளைத் தூக்குவது, குளிக்க வார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். அதை நான் எழுதத் தேவையில்லை. இன்னொருவருடைய வீட்டுக்குள் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் இருபத்திரண்டு வருடம் வயதானவர்களின் வீடு வீடாகப் போய் வேலை செய்தேன். அதில் ஒரு வீட்டில் பிழையான இடத்தில் நின்றுவிட்டேன். அதைச் சொல்கிறேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் பைப் கதை.

நான் தையல் தொழிற்சாலையில் இருந்து வந்தவன். அதை மூடினார்கள். கொமூன், அதாவது நகரசபை, என்னை இந்த வேலைக்கு அனுப்பியது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. என்னைப் பழக்கிய டெனிஷ் பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். இரண்டாம் நாள் ஒரு கிழவியின் வீட்டில் நின்றோம். கிழவி கணினியில் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார். கார்ட் இலக்கத்தை அழுத்தும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். அந்தப் பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பெரிய சத்தத்தோடு விழுந்தது.

"என்ன கழுவுறது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. உனக்குத் தெரியாததை உன்னட்ட ஒருத்தரும் கேக்கேலாது," என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொல்லித் தந்தது. அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். யாராவது இலக்கம் அழுத்தப் போகிறார் என்றால் நான் குசினியில் நிற்பேன், பைப் ஓடும். இருபது வருடத்தில் ஒருவருடைய இரகசிய இலக்கமும் எனக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்கவில்லை.

இனி மற்றது.

அவர் பெயரைச் சொல்லக்கூடாது. பறவைக்காரர் என்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரத்தில் தீனிப் பெட்டி கட்டி வைத்திருந்தார். முந்தி பால் வண்டி ஓட்டியவர். ஒரு விபத்தில் கழுத்து அசையாமல் போனது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் தோளோடு சேர்த்துத் திரும்புவார். கை நடுங்கும். மனைவி இல்லை. ஒரு மகள், ஒடென்சே நகரில். வார நாட்களில் பத்து மணிக்கு நான் போவேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும்.

கடைக்குப் போக முடியாது. பெட்டி என்று அவர் சொல்லும் டப்லெட் கணினியில்தான் வாங்குவார். பறவைத் தீனி, காலுறை, காதுக் கருவிக்கு பாட்டரி, லாக்கிறிஸ் என்ற அந்தக் கறுப்பு இனிப்பு. அது அவருக்குப் பெரிய விஷயம். மற்ற எல்லாவற்றையும் நாங்கள் செய்தோம். காற்சட்டை போடுவதுகூட நாங்கள். வாங்குவது மட்டும் அவர்.

ஒருநாள் டப்லெட்டில் ஒரு அறிவித்தல் வந்தது. இனிமேல் காசு கட்ட இலக்கம் அழுத்தத் தேவையில்லை, முகத்தைக் காட்டினால் போதும் என்று. நடுங்கும் கைக்கு அது நல்லதுதானே.

"இலக்கம் அழுத்தப்போறன்," என்றார். கடைசித் தடவையாக அழுத்தினால்தான் முகத்தைப் பதியலாம்.

நான் குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்தேன்.

"முடிஞ்சுது. வா. இது தலையைச் சுத்தச் சொல்லுது."

திரையில் ஒரு வட்டம். அதற்குள் முகம் தெரிய வேண்டும், தலையை மெதுவாகச் சுற்ற வேண்டும். அவர் தோளோடு திரும்பினார். வட்டத்துக்கு வெளியே போனார். திரும்பவும் முயன்றார். அதே கதை. நான் டப்லெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"இப்பிடி," என்று என் தலையைச் சுற்றிக் காட்டினேன்.

உங்களுக்குத் தெரியும். சாப்பாடு தீத்தும்போது நாங்களே வாயைத் திறப்போம். கையைத் தூக்கச் சொல்லும்போது நாங்களும் தூக்குவோம். யோசித்துச் செய்வதில்லை. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கும் வந்தது. நான் சுற்றினேன், அவரும் கொஞ்சம் அசைந்தார். வட்டம் பச்சையானது. இன்னொரு தரம் கேட்டது. இன்னொரு தரம் சுற்றினேன். பச்சை.

"முடிஞ்சுது," என்றார்.

"முடிஞ்சுது," என்றேன்.

கோப்பி குடித்தோம். வட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எனக்கு டெனிஷ் கதைக்க வரும். சின்ன எழுத்தை வாசிக்கிற வழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். வாங்க வேண்டியதை நான் வரும்வரை வைத்திருப்பார். கை நடுங்கும் என்பதால் நான் பக்கத்தில் இருந்து டப்லெட்டைப் பிடிப்பேன். அவர் பார்ப்பார். திறக்கும். நான் இல்லாதபோது இலக்கம் கேட்கும், தொடக்கத்தில் ஓரிரு தடவை அவர் அழுத்தினார். ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"நீ வந்தா இதுக்கு நல்ல மனம் வருது," என்று ஒருநாள் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

ஒரு புதன்கிழமை. அவர் தீனி ஒரு பெரிய மூட்டைக்கு ஓடர் போட்டுவிட்டு, காசு கட்டுமுன் கழிவறைக்குப் போனார். மேசையில் கோப்பி சிந்தியிருந்தது. துடைப்பதற்காக டப்லெட்டைத் தூக்கினேன். ஒரு மணிச் சத்தம். வாங்கியதற்கு நன்றி என்று எழுத்து வந்தது.

நான் துணியோடு நின்றேன். அவர் கழிவறையில் இருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

திரையை அணைத்தேன். திரும்பவும் பார்த்தேன். திறந்தது. அணைத்தேன். முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துப் பார்த்தேன். திறந்தது. இதை ஏன் செய்தேன் என்று தெரியாது. நம்பாததால் இருக்கலாம்.

அவர் வந்து, "கட்டியாச்சோ?" என்றார்.

"கட்டியாச்சு," என்றேன்.

"நல்லது," என்றார்.

இலக்கம் காதில் விழக்கூடாது என்று பைப் திறந்தவன், இருபது வருடமாக. இப்போது நானே அந்த இலக்கம். சைக்கிளில் அடுத்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதை யோசித்தேன். நான் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது. எங்கே இருந்தது என்றால் கழுத்துக்கு மேலே இருந்தது. வேலை முடிந்தால் வீட்டுக் கதவுத் திறப்பை அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவோம். இதை எங்கே வைப்பது?

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கட முகத்தைப் பாத்து ஆர் காசு குடுப்பினம்?" என்றார்.

"பகிடி இல்லை. உண்மையா."

கத்தியை வைத்தார். "பேசாமல் அழிச்சுப்போட்டு வாங்கோவன்."

"அழிக்க இலக்கம் வேணும்."

"அந்தாளிட்டக் கேளுங்கோ."

"இருவது வருசமாக் கேக்காத இலக்கத்தை இப்பப் போய்க் கேக்கிறதோ?"

"அப்ப பொறுப்பாளரிட்டச் சொல்லுங்கோ."

"சொன்னா வேலை போகும். பொலிசுக்கும் போகலாம்."

"சொல்லாட்டி?"

நான் மேசையில் கிடந்த தோலைக் கூட்டி அள்ளினேன். அவர் திரும்பவும் வெட்டத் தொடங்கினார். வியாழன் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளி சொல்லலாம் என்று நினைத்தேன். சனியும் ஞாயிறும் எனக்கு லீவு.

திங்கட்கிழமை போனபோது அவர் கோப்பி ஊற்றாமல் இருந்தார்.

"நேற்று உனக்குப் பதிலா வந்த பெடியன் நிண்டவன். பெட்டி திறக்கேல்லை. இலக்கம் கேட்டது," என்றார்.

"அழுத்தினீங்களோ?"

"இலக்கம் போச்சு."

எட்டு மாதம் முகம் திறந்ததால் இலக்கத்துக்குப் பெரிதாக வேலை வரவில்லை. தலைக்குள் இருந்து அது போய்விட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"மகளுக்குச் சொல்லாத. சொன்னா, அப்பாவுக்கு இனி ஏலாது எண்டு பெட்டியைக் கொண்டுபோயிடுவள்." பிறகு டப்லெட்டை என் பக்கம் தள்ளினார். "பேரனுக்கு நாளையண்டைக்குப் பிறந்தநாள். இண்டைக்கு வாங்கினாத்தான் போய்ச் சேரும். நீ இரு. நீ இருந்தாத் திறக்கும்."

நான் இருந்தேன். அவர் தலை சாய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். எது யாருடைய பார்வை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. திறந்தது. பேரனுக்கு ஒரு மரப் படகு போனது.

புதன்கிழமை நடந்தது தெரியாமல் நடந்த பிழை. திங்கட்கிழமை நடந்தது அப்படியல்ல. அதை நான் தெரிந்து செய்தேன். நல்லது செய்தேனா என்று கேட்டால், அவர் முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. கெட்டது செய்தேனா என்று கேட்டால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டும் உண்மை.

செவ்வாய் காலை முதலில் அவரிடமே சொன்னேன். கதிரையை இழுத்து முன்னால் இருந்துகொண்டு சொன்னேன்.

"உதுக்குள்ள இருக்கிறது உங்கட முகம் இல்லை. என்ர."

அவர் தோளோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே இரண்டு குருவி சண்டை பிடித்தன.

"அப்ப எட்டு மாசமா வாங்கினது நானில்லையோ?"

"நீங்கள்தான். முகம் மட்டும் என்ர."

"சொல்லப்போறியோ?"

"ஓம்."

"சொல்லாமல் இருக்கேலாதோ?"

"ஏலும். அதுதான் பயமாக் கிடக்கு."

அவர் தலையாட்ட முடியாதவர். தோளை ஆட்டினார். அது சரி என்றதா, போ என்றதா, எனக்கு விளங்கவில்லை. கோப்பி தரவில்லை.

பொறுப்பாளர் என்னைவிட வயது குறைந்த பெண். டெனிஷ்காரி. சுருக்கமாகக் கதைப்பவர். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார்.

"தெரிஞ்சதுக்கும் சொன்னதுக்கும் இடையில எத்தினை நாள்?"

"ஆறு."

"தெரிஞ்ச பிறகு பாவிச்சியோ?"

"ஒருக்கா."

பேனையை வைத்தார். "நீ அதைச் சொல்லியிருக்காட்டி எனக்குத் தெரிய வந்திராது."

"ஓம்."

"ஏன் சொன்னாய்?"

"கேட்டீங்கள்," என்றேன்.

மகள் எட்டு மாதத்துக் கொள்வனவையும் பார்த்து முடிக்கும்வரை நான் வீடுகளுக்குப் போகக்கூடாது என்றார்கள். அலுவலகத்தின் பின்னால் உதவிச் சாமான்கள் வைக்கும் அறையில் சக்கர நாற்காலிகள் துடைத்தேன். இரண்டு கிழமை. மகள் முறையிட்டால் வேலை போகும், பெயரும் போகும். ஊரில் எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கதை எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழவனின் காசை எடுத்தானாம் என்று போகும். பறவைத் தீனி என்று போகாது.

பிறகு அழைத்தார்கள். பறவைக்காரரின் வீட்டில், பொறுப்பாளரும் மகளும் இருக்க. மகளுக்கு ஐம்பது இருக்கும். கையில் ஒரு தாள்.

"எல்லாம் அப்பான்ர சாமான்தான். ஒண்டைத் தவிர," என்றார். "ஒரு சோடி தோல் கையுறை. ஆம்பிளையளின்ர. பெரிய அளவு. அப்பா வெளியில போறேல்லை. அப்பான்ர கையும் சின்னன்." என் கையைப் பார்த்தார். "உனக்கோ?"

என் கை பெரியது. தையல் மெஷினில் வேலை செய்த கை. மேசைக்குக் கீழே எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன். அது உண்மை. உண்மை சொல்லும்போதும் பொய் மாதிரிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பொறுப்பாளர் என்னைப் பார்க்கவில்லை.

பறவைக்காரர் எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நான் எழும்பியிருக்க வேண்டும், எழும்பவில்லை. ஒரு பெட்டியோடு வந்து மேசையில் வைத்தார். கையுறை. விலைத்துண்டு இன்னும் அதில் இருந்தது.

"அவனுக்குத்தான்," என்றார். "குளிருக்க சைக்கிள்ல நீலக் கையோட வாறவன். நத்தார்ப் பண்டிகைக்குக் குடுக்க வாங்கினனான். பிறகுதான் உவைக்குப் பரிசு வாங்கக்கூடாதெண்டு சட்டம் எண்டு அறிஞ்சன். அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்."

அதற்கும் காசு கட்டியபோது நான்தான் டப்லெட்டைப் பிடித்திருப்பேன். திரையில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. எனக்கு வாங்கிய பரிசுக்கு நானே முகம் கொடுத்திருக்கிறேன். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையுறையை நான் எடுக்கவில்லை. எடுக்க முடியாது. அது திரும்ப அலுமாரிக்குள் போனது.

மகள் தாளை மடித்தார். குரல் குறைந்தது. "இலக்கம் மறந்துபோச்செண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை, அப்பா?"

"நீ பெட்டியைக் கொண்டுபோவாய்."

மகள் மறுக்கவில்லை. கொண்டுபோவதாகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். பெரிய பை ஒன்று கொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்டைக்கு எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு காட்டு," என்றார்.

காட்டினேன். பறவைக்காரரின் கன்னத்துக்குப் பக்கத்தில் குனிந்தது, தலையைச் சுற்றியது, எல்லாம். பொறுப்பாளர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது.

இலக்கம் மகளிடம் இருந்தது. டப்லெட்டை வாங்கி அமைத்துக் கொடுத்த நாளிலேயே தகப்பனுக்குத் தெரியாமல் எழுதி வைத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் தலை குனிந்தார். என் முகத்தை அழித்தார். புது வட்டம் வந்தது. மகள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தை வாசித்தார்.

"தலையைத் திருப்ப ஏலாதவை இதை அழுத்தவும் எண்டு கிடக்கு."

முதல் நாளே அந்த வரி அங்கே இருந்தது. நாங்கள் இருவரும் அதன் மேலே பார்த்துக்கொண்டு தலையைச் சுற்றியிருக்கிறோம்.

பறவைக்காரர் டப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். பைப்பைத் திறந்தேன். கால் தானாகப் போனது.

"என்ன செய்யிறாய்?" என்று அவர் கூப்பிட்டார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. பாக்கிறன். பைப்பைப் பூட்டு. தண்ணிக்குக் காசு."

பூட்டினேன். பிறகு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. இலக்கம் என்றால் காதை மூடலாம். முகத்துக்கு என்ன செய்வது? அவருக்குப் பின்னால் நின்றால் திரையில் நான் தெரிவேன். முன்னால் நின்றால் அவர் என்னைப் பார்ப்பார். ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பச்சை," என்றார் மகள்.

பறவைக்காரர் அணைத்தார், பார்த்தார். திறந்தது. அணைத்தார், பார்த்தார். திறந்தது. நான் புதன்கிழமை செய்த அதே வேலை.

"இப்ப நீ பார்," என்று மகள் என்னிடம் நீட்டினார்.

நான் பார்த்தேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். திரை ஒரு தரம் ஆடியது. இலக்கம் கேட்டது.

"நல்லது," என்றார் பொறுப்பாளர்.

"எட்டு மாசம் பழகினது," என்றார் பறவைக்காரர். "ஒரு நிமிசத்தில மறந்திட்டுது."

எனக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. யாரோ வீட்டுக் கதவில் நின்று, நீ யார் என்று கேட்ட மாதிரி.

மகள் முறையிடவில்லை. பையை வெறுமையாகக் கொண்டு போனார். டப்லெட் மேசையிலேயே இருந்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். ஆறு நாளுக்கு, அந்த ஒரு தடவைக்கு. அது சரியான எச்சரிக்கை. வேறு வீடுகள் உள்ள பாதைக்கு மாற்றினார்கள். அங்கே வேலை செய்துதான் ஓய்வு பெற்றேன்.

உடனே சொல்லுங்கள் என்று உங்களுக்கு எழுதலாம். அதை எழுதுகிறேன், உடனே சொல்லுங்கள். ஆனால் நான் புதன்கிழமையே சொல்லியிருந்தால் அந்த மரப் படகு போய்ச் சேர்ந்திராது. அதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முகத்தை அழித்த அன்றைக்கு நான் சப்பாத்துப் போடும்போது பறவைக்காரர் கேட்டார்.

"நாளைக்கு வருவியோ?"

"இல்லை. வேற ஆள் வரும்."

"அந்த ஆளுக்குச் சொல்லு, பைப் திறக்கத் தேவையில்லையெண்டு."

சொன்னேன். அந்த வீட்டுக்குப் புதிதாகப் போனது எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, இங்கே பிறந்தவள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவர் காசு கட்டேக்க நான் எங்க நிக்கிறது, அங்கிள்?" என்றாள்.

"ஜன்னல் பக்கம் நில்," என்றேன். "குருவி வரும். அதைப் பார்."